புது .22 போல்ட் ஆக்‌ஷன்: காலி தோட்டா சிக்குகிறது, காலையில் மிஸ்ஃபயர், குரூப்பும் அலைகிறது

காவேரிப்பட்டணம்_புரோன்

வணக்கம். ஸ்போர்ட்ஸ் லைசென்ஸில் புதிதாக ஒரு .22 எல்.ஆர். (லாங் ரைபிள் என்ற சின்னத் தோட்டா, ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றுவது) போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் வாங்கினேன். உள்நாட்டுத் தயாரிப்பு, யாருடையது என்பதை இப்போதைக்குச் சொல்லவில்லை, கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும். கலெக்டர் ஆபீஸ் விண்ணப்பம், ஸ்டேஷன் விசாரணை, தாலுகா ரிப்போர்ட் என்று அலைந்து வாங்கிய பொருள் என்பதால் எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை ஒன்றல்ல. சுட்டபின் போல்ட்டை இழுத்தால் காலி கேஸ் சில சமயம் வெளியே வராமல் சேம்பரிலேயே (தோட்டா உட்காரும் அறை) நின்றுவிடுகிறது, எக்ஸ்ட்ராக்டர் (கேஸை இழுக்கும் கொக்கி) நழுவி வெறும் போல்ட் மட்டும் பின்னால் வருகிறது. மேகசினிலிருந்து ரவுண்டு ஏறும்போது ஈயக் குண்டின் தலையில் சீவல் விழுகிறது. காலையில் முதல் வரிசை சுடும்போது மிஸ்ஃபயர் (ட்ரிகர் இழுத்தும் வெடிப்பதில்லை), வெயில் ஏறியதும் அது குறைந்துவிடுகிறது. இதெல்லாம் போதாதென்று 50 மீட்டரில் குரூப் (குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம்) ஒரு இடத்தில் நிற்பதில்லை. பெஞ்சில் வைத்துச் சுட்டால் நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்லிங் (ரைபிளைக் கையோடு இறுக்கும் வார்) போட்டுப் படுத்துச் சுட்டால் இடது பக்கம் ஓடுகிறது.

டீலரிடம் சொன்னேன். "ரன்னிங்கில் சரியாகிவிடும் சார், புது வண்டி மாதிரி" என்கிறார். துப்பாக்கிக்கு ரன்னிங் பீரியட் உண்டா? யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர் டூல்ரூம்

ரன்னிங்கில் சரியாவது என்பது பாதி உண்மை, போல்ட் ஓடும் வழி வழுவழுப்பாகும், ட்ரிகர் கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவுதான். ஈயம் சீவுவது தானாகச் சரியாகாது. சேம்பர் வாயில் பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். நான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டூல்ரூமில் இருக்கிறேன், ரீமர் போட்ட துளையின் வாயில் பிசிறு எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவன். மெல்லிய எமரி ஷீட்டை ஒரு மரக்குச்சியில் சுற்றி, எண்ணெய் தொட்டு நாலு சுற்று சுற்றினால் போய்விடும். நேரம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள், போர்ஸ்கோப் இருக்கிறது, உள்ளே பார்த்தே செய்துவிடலாம்.

பட்டாளத்தார் பென்னாகரம்

டூல்ரூம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த ரைபிளை உங்கள் கம்பெனிக்குள் கொண்டு வந்தால் இரண்டு பேருக்கும் வம்பு. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள், செய்வது, விற்பது மட்டுமில்லை, பழுது பார்ப்பதற்கும் சோதிப்பதற்கும்கூட லைசென்ஸ் வேண்டும். நம் மாவட்டங்களில் நாட்டுத் துப்பாக்கி வழக்குகள் எத்தனை, மலைக் கிராமங்களில் தானாக ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் எத்தனை தடவை தண்டோரா போட்டிருக்கிறது, எல்லாம் தெரியும்தானே. பட்டறையில் துப்பாக்கி பேரல் இருந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும், அப்புறம் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடுத்தது, எமரி போட்டபிறகு கம்பெனி வாரண்டி கொடுக்காது. "நீ கை வைத்தாய்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான்.

காவேரிப்பட்டணம் தம்பிக்கு ஒரு கேள்வி. மேகசினில் ரவுண்டு எப்படிப் போடுகிறீர்கள்? .22 விளிம்புள்ள தோட்டா. மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் போனால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு மூக்கு குத்தி ஏறும். பழைய .303-யிலும் இதே தொல்லைதான், ரிக்ரூட்டாக இருக்கும்போது கிளிப்பில் அடுக்குவதையே தனியாகச் சொல்லிக் கொடுப்பார்கள். .315 வைத்திருக்கும் பேங்க் காவலர்களைக் கேளுங்கள், அதுவும் விளிம்புத் தோட்டாதான், 8 மி.மீ. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்தின் .303 தோட்டாவை வெளியாள் வைத்திருக்கக் கூடாது என்றிருந்ததால் அந்த அளவு இங்கே சிவிலியன் ரைபிளாக நிலைத்துவிட்டது.

நெறியாளர்

பட்டாளத்தார் ஐயா சொன்னதே இங்கே விதி. சுத்தம் செய்வது, திருகு முறுக்கம் பார்ப்பது, சோதித்துக் குறித்து வைப்பது பற்றித் தாராளமாகப் பேசலாம். உலோகத்தைத் தேய்ப்பது, வெட்டுவது, ட்ரிகர் பாகங்களைக் கழற்றி மாற்றுவது எல்லாம் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் வேலை. அந்தச் செய்முறை இங்கே வேண்டாம்.

ஓசூர் டூல்ரூம்

சரி, எமரி யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. மைக்ரான் கணக்கில் வேலை செய்கிற ஆட்கள் ஓசூரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறோம், இந்தப் பிசிறைத் தொட ஒருத்தனுக்கும் உரிமை இல்லை. உரிமை உள்ளவரிடம் என்ன கருவி இருக்கிறதோ!

காவேரிப்பட்டணம்_புரோன்

ஐயா, விளிம்பை முன்னால் வைத்துத்தான் அடுக்குகிறேன், கோச் முதல் நாளே சொல்லிக் கொடுத்தார். நீங்கள் சொன்னபிறகு மேகசினே இல்லாமல் ஒவ்வொரு ரவுண்டாகக் கையால் வைத்தும் பார்த்தேன். அப்போதும் குண்டின் தலையில் கோடு விழுகிறது. அதனால் மேகசின் குற்றவாளி இல்லை என்று நினைக்கிறேன்.

ஐம்பதுமீட்டர்_தர்மபுரி

கையால் வைத்துப் பார்த்தது நல்ல வேலை தம்பி, பாதி பேர் அதைச் செய்யாமலே மேகசினை மாற்றச் சொல்லிக் கம்பெனியோடு சண்டை போடுவார்கள்.

இப்போது காலி கேஸ்களைப் பாருங்கள். தூக்கிப் போட்டிருந்தால் அடுத்த முறை சுட்டதைச் சேர்த்து வையுங்கள். .22 ரிம்ஃபயர், நடுவில் ப்ரைமர் (தீ வைக்கும் சின்ன மூடி) கிடையாது, விளிம்புக்குள்தான் வெடிமருந்துக் கலவை இருக்கிறது, ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி, சுருக்கமாகப் பின்) விளிம்பில்தான் அடிக்கும். அந்த அடித் தழும்பு இருக்கிறதே, அது ஒவ்வொரு கேஸிலும் சேம்பரின் ஒரே இடத்துக்கு நேராகத்தான் விழும். உங்கள் ரைபிளில் பின் மேல்பக்கம் அடிக்கிறது என்றால் தழும்பு இருக்கும் இடம்தான் பன்னிரண்டு மணி. கேஸை எப்படி உருட்டினாலும் பன்னிரண்டு மணி எங்கே என்று அதுவே சொல்லிவிடும்.

அப்புறம் கேஸின் பக்கவாட்டில் கீறல் அல்லது சின்னப் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். அது எல்லாக் கேஸிலும் தழும்புக்கு நேர் கீழே ஒரே கோட்டில் இருந்தால் சேம்பரின் வாயில் அந்த ஒரு இடத்தில்தான் கோளாறு. கேஸுக்குக் கேஸ் இடம் மாறினால் சேம்பர் சுத்தமாக இருக்கிறது, மேகசின் உதடோ ஏற்றும் வழியோதான் கீறுகிறது. செலவில்லாத சோதனை, ஒரு லென்ஸ் போதும்.

இன்னொன்று, ரைபிளை வாங்கியதிலிருந்து காலி சேம்பரில் ட்ரை ஃபயர் செய்தீர்களா? நீங்களோ, கடையில் பார்க்க வந்தவர்களோ?

அரூர்_புதுசு

அக்கா, நடுவில் குறுக்கே வருகிறேன். என்.சி.சி.யில் நாங்கள் .22 டீலக்ஸ் போல்ட் ஆக்‌ஷனில்தான் சுட்டோம், அதில் காலியாக ட்ரிகர் இழுத்துப் பழகச் சொன்னார்களே. ட்ரை ஃபயர் தப்பா?

பட்டாளத்தார் பென்னாகரம்

பழகுவது தப்பில்லை தம்பி, எந்த ரைபிளில் என்பதில்தான் விஷயம். நடுவில் ப்ரைமர் உள்ள தோட்டா போடும் ரைபிளில் பின்னுக்கு முன்னால் வெறும் காற்று, எதிலும் மோதாது. ரிம்ஃபயரில் பின்னுக்கு எதிரே இருப்பது சேம்பரின் வாய் இரும்பு. நடுவில் தோட்டா விளிம்பு இல்லாவிட்டால் இரும்பு இரும்போடு. அதனால்தான் எங்களுக்கெல்லாம் சுட்ட காலி கேஸைப் போட்டு, அதையும் அவ்வப்போது திருப்பி வைத்து, பழகச் சொல்வார்கள்.

ஐம்பதுமீட்டர்_தர்மபுரி

ஐயா சொன்னது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஒழுங்காகச் செய்த ரிம்ஃபயரில் பின் அந்த அளவுக்கு நீளமாகவே இருக்கக் கூடாது. தோட்டா விளிம்பின் தடிமன் சுமார் 1 மி.மீ. பின் போல்ட் முகத்திலிருந்து அதைவிடக் குறைவாக நீண்டால் விளிம்பை நசுக்கித் தீ வைக்கவும் செய்யும், காலி சேம்பரில் இரும்பைத் தொடவும் தொடாது. நல்ல தயாரிப்பாளர்கள் இதைக் கணக்குப் போட்டுத்தான் நிறுத்தம் வைக்கிறார்கள். எனவே சேம்பர் வாயில் பின் அடித்த பள்ளம் இருந்தால், "யார் ட்ரை ஃபயர் செய்தது" என்று கேட்பதற்கு முன்னால் "பின் ஏன் இவ்வளவு நீளம்" என்று கேட்க வேண்டும். டீலர் முதல் கேள்வியைத்தான் கேட்பார், பாருங்கள்.

காவேரிப்பட்டணம்_புரோன்

அக்கா, தெய்வமே! கேஸ்களை வரிசையாக வெள்ளைத் தாளில் வைத்து லென்ஸில் பார்த்தேன். எல்லாவற்றிலும் தழும்புக்கு நேர் கீழே ஒரே கோட்டில் கீறல். சுடாத ரவுண்டை மெதுவாக ஏற்றி இறக்கிப் பார்த்ததிலும் (ரேஞ்சில், பேரல் டார்கெட் பக்கம்தான், கோச் பக்கத்தில் இருந்தார்) ஈயச் சீவல் பன்னிரண்டு மணியில்தான் விழுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் சேம்பர் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளமும், அதற்குப் பக்கத்தில் உள்பக்கமாகத் துருத்திய உலோகமும் கண்ணுக்கே தெரிகிறது.

நான் ட்ரை ஃபயர் செய்யவில்லை, ஸ்னாப் கேப் (டம்மி தோட்டா) இல்லாமல் ட்ரிகர் தொட எங்கள் ரேஞ்சில் விடமாட்டார்கள். கடையில் ஷோ ரேக்கில் இருந்த பீஸ் என்பதால் அங்கே எத்தனை பேர் இழுத்துப் பார்த்தார்களோ தெரியாது.

ஆனால் ஒன்று குழப்புகிறது. பின் நீளம் என்றால் அடி பலமாகத்தானே விழ வேண்டும், காலையில் ஏன் மிஸ்ஃபயர்?

ஓசூர் டூல்ரூம்

சரியான கேள்வி. சுடாமல் போன ரவுண்டுகளில் தழும்பு எப்படி இருக்கிறது, ஆழமா மேலோட்டமா? வெயில் ஏறியபின் சுட்டதில் எப்படி? இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடுங்கள்.

காவேரிப்பட்டணம்_புரோன்

படம் போட்டிருக்கிறேன். இடது பக்கம் உள்ளவை காலை மிஸ்ஃபயர், தழும்பு லேசாகத்தான் இருக்கிறது. வலது பக்கம் பத்து மணிக்கு மேல் சுட்டவை, நன்றாகக் குழி விழுந்து விளிம்பின் ஓரம்வரை போயிருக்கிறது.

ஓசூர் டூல்ரூம்

அப்படியானால் இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள், ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரே பின், ஒரே ஸ்பிரிங், காலையில் மெதுவாகவும் வெயிலில் வேகமாகவும் போகிறது. நீளம் காலைக்கும் மதியத்துக்கும் மாறாது, வேகம்தான் மாறுகிறது. போல்ட்டுக்குள் கெட்டியான கிரீஸ் இருக்கிறது. தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்புவார்களே அந்தக் கிரீஸ்தான். மார்கழிக் குளிரில் இங்கே ஓசூரில் மெஷின் ஸ்பிண்டிலையே கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் வேலை தொடங்குவோம், அந்த மெல்லிய பின் எம்மாத்திரம்.

கையேட்டில் உரிமையாளரே போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்று போட்டிருந்தால் அந்த அளவுக்கு மட்டும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, துணியில் தொட்டுத் துடைத்த அளவுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய் விடுங்கள். பெட்ரோல் வேண்டாம். எண்ணெய் ஊற்றிக் குளிப்பாட்டவும் வேண்டாம், மறுபடி அதே கதைதான்.

பட்டாளத்தார் பென்னாகரம்

மிஸ்ஃபயர் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தை விடக் கூடாது. ட்ரிகர் இழுத்துச் சத்தம் வராவிட்டால் உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். பேரல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், அரை நிமிஷமாவது பொறுங்கள், சில சமயம் மருந்து தாமதமாகப் பிடிக்கும். திறந்த போல்ட்டில் கேஸ் வெடித்தால் பித்தளைத் துண்டு கண்ணுக்குத்தான் வரும். வழக்கத்துக்கு மாறாக "பொத்" என்று சத்தம் வந்தால் அடுத்த ரவுண்டு ஏற்றவே கூடாது, குண்டு பேரலிலேயே நின்றிருக்கலாம். இதைப் படிக்கும் புதுப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

தழும்பு விளிம்பின் ஓரம்வரை போகிறது என்றீர்களே, அதில் வெடிப்பு இருக்கிறதா? விளிம்பு கிழிந்தால் வாயு பின்னால் வரும். ஒன்றிலாவது வெடிப்பு தெரிந்தால் கன்ஸ்மித் பார்க்கும்வரை சுடுவதை நிறுத்துங்கள். கண்ணாடி இல்லாமல் சுடவும் வேண்டாம்.

தளி விவசாயி

எல்லாரும் பெரிய விஷயமாகப் பேசுகிறீர்கள், நான் சின்னதாக ஒன்று கேட்கிறேன். ராகி கதிர் பிடித்தால் பன்றிக் கூட்டம் இறங்கி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகிறது. இந்த .22 வாங்கினால் அதற்கு உதவுமா? லைசென்ஸ் கிடைக்குமா?

ஐம்பதுமீட்டர்_தர்மபுரி

அண்ணா, உதவாது. ஸ்போர்ட்ஸ் லைசென்ஸில் வாங்கியது ரேஞ்சில் சுட மட்டும்தான். பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அரசாணை வந்திருக்கிறது, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டி வந்து பயிரை அழிப்பதைச் சுடலாம் என்று, அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். 1 கி.மீ.க்குள் சுடவே கூடாது, இடைப்பட்ட தூரத்தில் கூண்டு வைத்துப் பிடிப்பது. தளிப் பக்கம் பாதி நிலம் காட்டை ஒட்டியே இருக்கிறது, உங்கள் நிலம் எதில் வருகிறது என்று ரேஞ்சர் ஆபீஸில் கேட்டு மனு கொடுங்கள். தவிரவும் யானை நடமாட்டம் உள்ள இடத்தில் .22-ஐக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

தளி விவசாயி

சரிங்க அம்மா. மனு ஏற்கெனவே மூன்று கொடுத்தாச்சு. நாலாவது எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம்_புரோன்

கேஸ்களில் வெடிப்பு இல்லை ஐயா, எல்லாவற்றையும் லென்ஸில் பார்த்துவிட்டேன். போல்ட்டைக் கையேட்டில் உள்ளபடி கழற்றிக் கழுவினேன். உள்ளேயிருந்து வந்த கிரீஸ் தேன் பதத்தில் மஞ்சளாக இருந்தது, டூல்ரூம் அண்ணன் சொன்னது அப்படியே. அதற்குப் பிறகு காலையிலும் மிஸ்ஃபயர் இல்லை. கேஸ் சிக்குவதும் ஈயம் சீவுவதும் அப்படியே இருக்கிறது.

அடுத்து கன்ஸ்மித். இங்கே யாரும் இல்லை. பெங்களூரில் நல்ல ஆள் இருக்கிறார் என்கிறார்கள், எனக்குச் சுமார் இரண்டு மணி நேரப் பயணம், அவ்வளவுதான். போகலாமா?

ஐம்பதுமீட்டர்_தர்மபுரி

லைசென்ஸை எடுத்து ஏரியா பகுதியைப் படியுங்கள் தம்பி. தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் அத்திப்பள்ளி தாண்டக் கூடாது. ஓசூர்க்காரர்கள் நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள், காய்கறி வாங்க, டாக்டரைப் பார்க்க எல்லாம் தினம் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அங்கே மாநில எல்லை இருப்பதே ஞாபகம் வராது. இந்தியா முழுவதும் செல்லும் என்று எண்டார்ஸ்மெண்ட் வாங்கினால் போகலாம், போட்டிகளுக்கும் அது எப்படியும் வேண்டும், இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். அதுவரை சேலம், கோவை, சென்னை என்று பாருங்கள். ஆனால் வாரண்டி இருக்கும்போது முதலில் டீலர் வழியாகவே போங்கள். வெளி கன்ஸ்மித் கை வைத்தால் கம்பெனி கழன்றுகொள்ளும்.

டீலரிடம் கொடுக்கும்போது ரைபிள் எண், என்னென்ன பாகத்தோடு கொடுத்தீர்கள், என்ன கோளாறு என்று எழுதி முத்திரையோடு ரசீது வாங்குங்கள். துப்பாக்கி உங்கள் கையில் இல்லாத நாட்களுக்கு உங்களிடம் உள்ள ஒரே ஆதாரம் அந்தத் தாள்தான்.

பட்டாளத்தார் பென்னாகரம்

கம்பெனி "முழு ரைபிளையே மாற்றித் தருகிறோம்" என்று சொன்னால் உடனே சந்தோஷப்பட்டு விடாதீர்கள். எண் மாறும், எண் மாறினால் லைசென்ஸில் பழையதை நீக்கிப் புதியதை ஏற்ற வேண்டும், மறுபடி கலெக்டர் ஆபீஸ். பின்னை மாற்றி, சேம்பர் வாயைச் சரிசெய்து அதே ரைபிளைத் தருவதே உங்களுக்கு நல்லது. போல்ட்டையே மாற்றினால் அதில் எண் பொறித்திருக்கிறதா, ரைபிள் எண்ணோடு ஒத்துப்போகிறதா பார்த்து வாங்குங்கள்.

டீலர் "ப்ரூஃப் முத்திரை இருக்கிறதே சார், டெஸ்ட் ஆகி வந்த பீஸ்" என்பார். ப்ரூஃப் என்பது வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, பேரலும் பூட்டும் தாங்குகிறதா என்று பார்ப்பது. பிசிறு எடுத்தார்களா, பின் நீளம் சரியா என்பதெல்லாம் அதில் வராது.

தேர்தல் வந்தால் இன்னொரு கூத்து. ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், மாதக்கணக்கில் அங்கே கிடக்கும், வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும். போட்டிக்காரர்களுக்கு விலக்கு உண்டு, ரைஃபிள் அசோசியேஷன் உறுப்பினர் அட்டையோடு முன்கூட்டியே மனு போட வேண்டும். ஒப்படைத்தே ஆக வேண்டும் என்றால் பேரலுக்குள் எண்ணெய் விட்டுக் கொடுங்கள், திரும்பி வரும்போது துருவோடு வந்தால் கேட்க ஆள் கிடையாது.

ஓசூர் டூல்ரூம்

குரூப் பற்றி யாரும் பேசவில்லையே. பெஞ்சில் சரி, ஸ்லிங்கில் இடது ஓட்டம் என்றால் எனக்கு ஸ்டாக் (பேரலைத் தாங்கும் கட்டை) மேல்தான் சந்தேகம். பிளாஸ்டிக் ஸ்டாக்கா?

காவேரிப்பட்டணம்_புரோன்

ஆமாம் அண்ணா, பிளாஸ்டிக்தான். பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கிறது.

ஐம்பதுமீட்டர்_தர்மபுரி

ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன் ஆக்‌ஷன் திருகுகளையும் (ரைபிளை ஸ்டாக்கில் பிடிப்பவை) ஸ்கோப் மவுண்ட் திருகுகளையும் கையேட்டில் உள்ள முறுக்கத்துக்கு வைத்துப் பாருங்கள், டார்க் ரெஞ்சில்தான், கை மதிப்பில் வேண்டாம். அப்புறம் ஒரு பத்து ரூபாய் நோட்டை ஸ்டாக்குக்கும் பேரலுக்கும் நடுவில் முன்பக்கத்திலிருந்து விட்டுப் பின்னால் இழுத்து வாருங்கள். தடையில்லாமல் வர வேண்டும். ரைபிள் காலி என்று பார்த்து, போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

சும்மா வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. ஸ்லிங்கைப் போட்டு இறுக்கிய நிலையில் இன்னொருவரை நோட்டு விடச் சொல்லுங்கள். ஸ்லிங் இழுப்பில் ஸ்டாக்கின் முன்பகுதி வளைந்து பேரலை ஒரு பக்கமாகத் தொடுகிறது என்பது என் ஊகம். பெஞ்சில் அந்த இழுப்பே இல்லை, அதனால்தான் அங்கே நன்றாகச் சுடுகிறது.

தோட்டாவையும் மாற்றாமல் வையுங்கள். ஒரே பெட்டி, ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி). மெதுவான டார்கெட் ரவுண்டும் ஹை வெலாசிட்டியும் கலந்து சுட்டால் மேலும் கீழுமாகத்தான் போகும். குரூப்புக்கு ஐந்து குண்டு வேண்டும். மூன்று குண்டு அழகாக விழுந்தால் மனதுக்குச் சந்தோஷம்தான், ரைபிளைப் பற்றி அது எதையும் சொல்லாது. 50 மீட்டர் டார்கெட்டில் பத்தாவது வளையமே 10.4 மி.மீ. விட்டம்தான், அதில் இடது ஓட்டம் என்றால் எத்தனை புள்ளி போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அரூர்_புதுசு

அக்கா, பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் இடைவெளி வேண்டும் என்று நிஜமாகவே தெரியாது. ஒட்டி இருந்தால் உறுதியாக இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பட்டாளத்தார் பென்னாகரம்

சுடும்போது பேரல் அதிரும் தம்பி. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டும் ஒரே இடத்துக்குப் போகும். ஸ்டாக் நடுவில் ஒரு முறை தொட்டு ஒரு முறை தொடாமல் இருந்தால் அதிர்வு மாறும். பழைய ராணுவ ரைபிள்களில் வேண்டுமென்றே முன்னால் அழுத்தம் கொடுத்துப் பொருத்தியதும் உண்டு, அதில் அந்த அழுத்தம் எப்போதும் ஒரே அளவாக இருக்கும்.

காவேரிப்பட்டணம்_புரோன்

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறேன், ரைபிள் டீலர் வழியாகக் கம்பெனிக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது.

டீலர் முதலில் அக்கா சொன்ன அதே கேள்வியைத்தான் கேட்டார், "ட்ரை ஃபயர் செய்தீர்களா?" கேஸ்களையும் படங்களையும் காட்டி, பின் போல்ட் முகத்திலிருந்து எவ்வளவு நீள்கிறது என்று அளந்து எழுத்தில் தரச் சொன்னேன். அதற்கப்புறம் குரல் மாறிவிட்டது. கம்பெனி சர்வீஸ் ஆள் அளந்து, பின் நிறுத்தம் சரியில்லை என்று சர்வீஸ் சீட்டில் எழுதியே கொடுத்தார். பின்னை மாற்றிவிட்டார்கள். சேம்பர் வாயில் உள்ளே தள்ளியிருந்த உலோகத்தைத் தேய்க்காமல், அதற்கென்று உள்ள கருவியால் அழுத்தி மறுபடி இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். எக்ஸ்ட்ராக்டரும் ஸ்பிரிங்கும் புதிது. எண் மாறவில்லை, பணம் வாங்கவில்லை.

ரேஞ்சில் சுட்டுப் பார்த்தேன். கேஸ் சிக்கவில்லை, ஈயச் சீவல் இல்லை, தழும்பு ஒரே அளவில் விழுகிறது.

ஸ்டாக்கில்தான் இழுபறி. ஸ்லிங் போட்டு நோட்டுச் சோதனை செய்ததில் இடது பக்கம் நோட்டு அப்படியே நின்றுவிட்டது, வீடியோ எடுத்து அனுப்பினேன். "இந்த மாடல் ஸ்லிங் போட்டுச் சுடுவதற்கு வடிவமைத்ததல்ல, இது குறைபாடு ஆகாது" என்று பதில். ஸ்லிங் மாட்டும் கொக்கியை முன்னால் வைத்து விற்பது எதற்காம்?

ஓசூர் டூல்ரூம்

அந்தப் பதிலை மெயிலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி உள்ள படம் அவர்கள் விளம்பரத்திலேயே இருக்கும், அதையும் எடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டும் வேண்டும். பின் நீளம் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு? எண்ணைச் சொல்லுங்கள், ராத்திரித் தூக்கம் வராது எனக்கு.

காவேரிப்பட்டணம்_புரோன்

எண் எழுதித் தரவில்லை அண்ணா, "அளவுக்கு மேல்" என்று மட்டும்தான் சீட்டில் இருக்கிறது. கேட்டு மறுபடி மெயில் போட்டிருக்கிறேன்.

ஐம்பதுமீட்டர்_தர்மபுரி

நுகர்வோர் ஆணையம் ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி, சீசன் போய்விடும். சேலத்தில் லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் ஸ்டாக்கின் பேரல் பள்ளத்தை இடது பக்கம் கொஞ்சம் அகலப்படுத்தச் சொன்னால் அரை நாள் வேலை. பேரலையோ ஆக்‌ஷனையோ தொடத் தேவையில்லை. ஆனால் கம்பெனியிடம் முதலில் எழுத்தில் கேளுங்கள், ஸ்டாக்கை மாற்றினால் மற்ற பாகங்களின் வாரண்டி நிற்குமா என்று. இவ்வளவு போராடி வாங்கிய வாரண்டியை ஒரு பள்ளத்துக்காக விடக் கூடாது.

தளி விவசாயி

கம்பெனி பேர் கடைசிவரை சொல்லவே இல்லையே தம்பி. என் மச்சான் பையனும் இதே மாதிரி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

காவேரிப்பட்டணம்_புரோன்

பொதுவில் வேண்டாம் அண்ணா, ஸ்டாக் விவகாரம் இன்னும் முடியவில்லை. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஷோ ரேக் பீஸை வாங்க வேண்டாம், பெட்டி பிரிக்காததைக் கேட்கச் சொல்லுங்கள். பணம் கட்டும் முன் டார்ச் அடித்துச் சேம்பர் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. தம்பியை எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

வாரண்டி பற்றிப் பதில் வந்ததும் சேலம் போகிறேன். பள்ளம் சரியானபின் ஸ்லிங் போட்டுச் சுட்ட டார்கெட் படத்தை இங்கேயே போடுகிறேன், அதே லாட் தோட்டா ஒரு பெட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.